சாதா பெட்ரோல்

1

ஐதராபாத்தில் இருக்கிறேன் என்றால் எங்கள் ஊர் கோபியின் ஒரம்பரையில், உறவுக்காரர்களில், யாரும் அதை வெளிதேசமாக எடுத்துக்கொள்வதில்லை. "துபாயா, அமெரிக்காவா? சாயங்காலம் ரயிலேறினா மறுநாள் வந்துடற ஊருதானே" என்பார்கள். பாஸ்போர்ட் கேட்காத ஊர் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை கேட்பதற்கு முன்னால் வாசலில் நின்று மனதுக்குள் வாக்கியத்தை ஒத்திகை பார்த்த வருஷங்கள் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்துக்கொண்டுபோன வாக்கியத்துக்குக் கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கறிவேப்பிலை வேண்டாம் என்று வந்துவிடுவேன்.

நாங்கள் இங்கே வந்த வருஷமே வாங்கிய காருக்கு இந்த ஆண்டு பதினைந்து வயது முடிந்தது. பதினைந்து முடிந்த வண்டியை மேலும் ஓட்ட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே ஆகாது என்று சொல்லிவிட்டால் காயலான் கடைதான். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாங்கள் வாங்கும்போது வண்டி ஆந்திரப் பிரதேசத்து வண்டி. மாநிலம் பிரிந்தபின், நாங்கள் குடியிருக்கும் அதே நாச்சாரத்தில், அதே மரத்தடியில் நின்றபடியே அது தெலங்கானா வண்டியாகிவிட்டது. ஆனால் எண் பலகையில் மட்டும் இன்றும் பழைய மாநிலத்தின் எழுத்துகள். வீடு மாறாமலேயே மாநிலம் மாறிய அனுபவத்தை ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இந்தக் குறிப்பு அந்தக் காரைப் பற்றியது. அதற்கு நான் ஊற்றிய பெட்ரோலைப் பற்றியது. அதனால் என் வீட்டில் சில வாரங்கள் நடந்ததைப் பற்றியது.

2

என் கணவர் நடராஜன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் இருந்தார். நாச்சாரத்தில் அவர்கள் ஒரு யூனிட் திறந்தபோது, சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ள இவரை அனுப்பினார்கள். செய்து முடித்த மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். பேரிங் சரியில்லையென்றால் கருவி சொல்லும் முன்னால் அவர் சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர். வீட்டிலும் அப்படித்தான். மிக்சியை ஓடவிட்டால் அடுத்த அறையிலிருந்து, "புள்ள, பிளேடு லூசாயிருக்குது பாரு" என்று குரல் வரும்.

வந்த வருஷமே கார் வாங்கினோம். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அதுதான் முதல் கார். எங்கள் மகள் நிவேதிதா அப்போது மூன்றாம் வகுப்பு. காரை எடுத்த அன்று மூவரும் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனோம். பங்கில் இருந்தவர் குனிந்து, "எந்த சார்?" என்று கேட்டார்.

தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு' என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எந்தப் பெட்ரோல் என்று கேட்கிறார் என்றே நினைத்தோம். எதிரே இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றின்மேல் பளபளப்பாகப் பிரீமியம் என்று எழுதியிருந்தது. இவர் அதைக் காட்டினார். அந்த ஆள் மறுபடியும், "அதி சரே சார், எந்த?" என்றார். இவர் இன்னும் அழுத்தமாக அதையே காட்டினார். மூன்றாவது தடவை கேட்டபோது, நம்மால் வாங்க முடியாது என்று நினைக்கிறானோ என்று இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுதானப்பா! அதையேதான்!" என்று தமிழில் சத்தம் போட்டார். அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டு டேங்கை நிரப்பிவிட்டார்.

விஷயம் புரிய ஒரு மாதம் ஆயிற்று. கம்பெனி கேன்டீனில் யாரோ விளக்கினார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் பெட்ரோலை மாற்றவில்லை. "நல்லதைக் குடுத்துப் பழக்கிப்போட்டோம். இனி எதுக்குக் கொறைக்கறது?" என்றார்.

நல்லதைக் கொடுத்துப் பழக்குவது அவருடைய சுபாவம். நிவேதிதாவுக்கும் அப்படித்தான் செய்தார். இருப்பதிலேயே நல்ல பள்ளி என்று தேடிப் பிடித்துச் சேர்த்தார். அங்கே தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும் இருந்தன, தமிழ் இல்லை. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவசரத்தில் தெலுங்கு வரும். தமிழ் பேசும்போது "அம்மா வந்துச்சு, அம்மா சொல்லிச்சு" என்பாள். தெலுங்கில் பெண்களுக்கு அப்படித்தான் வினை வரும், அதைத் தமிழில் கொண்டுவந்து வைக்கிறாள் என்று ஒருநாள் திருத்தப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். எங்கள் கோபிப் பக்கத்திலும் அம்மா 'வந்துச்சு'தான். அவள் பேசுவது தெலுங்குப் பிழையா, என் அம்மா வீட்டுப் பேச்சா என்று எனக்கே தெளிவாகவில்லை. ஆனால் "அப்பா வந்துச்சு" என்று அவள் சொன்னபோது இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

3

அவர் ஓய்வுபெற்ற சில மாதங்களில் ஒருநாள் காரின் இடப்பக்கக் கண்ணாடி ஓர் ஆட்டோவில் உரசி மடங்கியது. நின்றுகொண்டிருந்த ஆட்டோ. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோக்காரர் கத்தினார், இவரும் பதிலுக்குக் கத்தினார். வீட்டுக்கு வந்தபின் என்னிடம் மெதுவாக, "ஆட்டோ அங்க இருந்ததே எனக்குத் தெரியலை, சாந்தா" என்றார். என் முழுப்பெயர் சாந்தாமணி. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

கண் மருத்துவர் பெரிய பெரிய இயந்திரங்களில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, ஓரப் பார்வை போயிருக்கிறது, போனது திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். நேரே பார்த்தால் எல்லாம் தெரிந்தது. செய்தித்தாள் படித்தார், ஊசியில் நூல் கோத்தார். அதனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"வண்டி ஓட்டலாமில்லைங்க, டாக்டர்?"

"வேண்டாம் சார்," என்றார் அவர் இங்கிலீஷில். "பக்கத்திலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்தால் உங்களுக்குத் தெரியாது."

வெளியே வந்து சாவியை என் கையில் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, என் கைப்பையின் மேல் வைத்தார் என்று சொல்லலாம். எனக்கு லைசென்ஸ் உண்டு. நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும், மழை நாளில், இவர் ஊரில் இல்லாத சமயங்களில் ஓட்டியிருக்கிறேன். பக்கத்தில் இவர் உட்கார்ந்திருக்க நான் ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. வழி முழுக்க என் கால் பிரேக்கில் அழுந்தும்போதெல்லாம் அவர் காலும் எதிரே தரையில் அழுந்திற்று.

4

அடுத்த வாரம் நானாகப் பெட்ரோல் பங்குக்குப் போனேன். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து, "பிரீமியமா, நார்மலா மேடம்?" என்று கேட்டாள்.

"சாதா" என்றேன்.

வாயில் தானாக வந்தது. சாதா என்ற சொல் தமிழிலும் செல்லும், தெலுங்கிலும் செல்லும், இந்த ஊர் உருதுவிலும் செல்லும். இத்தனை வருஷத்தில் மூன்று மொழிக்கும் ஒத்துவந்த சொற்கள் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

ஏன் மாற்றினேன் என்றால், இது நான் வருஷாவருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். ஆக்டேன் எண் கூடுதலாக இருந்தால் பெட்ரோலில் சத்து அதிகம் என்று பொருளில்லை. எஞ்சினுக்குள் அழுத்தும்போது முந்திக்கொண்டு தானாகவே பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் குணம், அவ்வளவுதான். அழுத்தம் அதிகமுள்ள எஞ்சினுக்கு அது வேண்டும். எங்களுடைய வண்டியைப் போன்ற சாதாரண எஞ்சினுக்குச் சாதாப் பெட்ரோலே போதும். இதை இவரிடம் முன்பும் பலமுறை சொல்லியிருக்கிறேன். "புஸ்தகத்துல எஞ்சின் ஓடாது புள்ள" என்று சிரித்துவிடுவார். அப்போது அவர் ஓட்டினார், அவர் ஊற்றினார். இப்போது ஓட்டுவது நான்.

மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். டிவியைப் பார்த்தபடி, "செரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதிதாவைப் பார்க்கக் கிளம்பினோம். அவள் கச்சிபௌலியில் வேலை செய்கிறாள், அங்கேயே உயரமான கட்டடம் ஒன்றில் இரண்டு தோழிகளோடு இருக்கிறாள். பேகம்பேட் பாலத்தில் ஏறும்போது இவர் கையை உயர்த்தினார்.

"கேக்குதா?"

"என்னதுங்க?"

"கிர்ர்ருனு ஒரு சத்தம். மேட்டுல ஏறறப்ப."

எனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஹாரன், பக்கத்தில் பஸ், முன்னால் கைக்குழந்தையோடு மூன்று பேர் போகிற ஒரு ஸ்கூட்டர். என் உயிர் எல்லாம் கண்ணில் இருந்தது.

"எனக்கொண்ணும் கேக்கலைங்க."

"எப்படிக் கேக்கும்? பதினஞ்சு வருஷம் பால் குடிச்ச புள்ளைக்குத் தண்ணியை ஊத்தியிருக்க. அது அழுகுது."

"பெட்ரோலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அப்படி முன்கூட்டி வெடிச்சா அந்தச் சத்தம் வேற மாதிரி, டக்குடக்குனு..."

"நீ என்ற காதுக்குப் பாடம் நடத்தாத."

திரும்பும்போதும் அதே பாலம், அதே கை. அடுத்த வாரமும் அப்படியே. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இவர் ஒரு கேள்வி போட, பதில்கள் கொட்டின. பழைய வண்டிக்கு இப்போது வரும் சாதாப் பெட்ரோல் ஆகாது, எத்தனால் கலக்கிறார்கள் என்று ஒருவர். எங்கள் பங்கில் விற்கும் பிரீமியத்திலும் அதே கலவைதான் என்று கேட்டறிந்து நான் பதில் போட்டேன். இவர் அதற்குக் கீழே ஒரு கும்பிடு படத்தைப் போட்டார். ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சண்டை போட்டதை முப்பது குடும்பங்கள் படித்தன.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டிய நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "இப்படிச் சத்தத்தோட கொண்டுபோனா ஒடைக்கச் சொல்லிப்போடுவான். உனக்கு அதானே வேணும்?" என்று ஒருநாள் கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சத்தம் வண்டியில இல்லைங்க. நீங்க ஓட்டறதில்லைங்கறதுதான் உங்களுக்குச் சத்தமாக் கேக்குது" என்றேன்.

சொன்ன பிறகு கையிலிருந்த கரண்டியைக் கழுவத் திரும்பிக்கொண்டேன். ஏற்கெனவே கழுவிய கரண்டி அது.

5

நிவேதிதாதான் பந்தயத்தை யோசித்தாள். போனில் இரண்டு பேரின் புகாரையும் தனித்தனியாகக் கேட்டுச் சலித்துப்போய், ஒருநாள் நேரிலேயே வந்து உட்கார்ந்தாள்.

"ஓகே. ஒக டெஸ்ட் பெட்டுதாம். ஒரு டெஸ்ட் வெக்கலாம். டேங்க்ல இருக்கிற பெட்ரோல் தீரட்டும். அப்புறம் அம்மா போய் ஏதோ ஒண்ணு போடும். எதுன்னு அப்பாக்குச் செப்பாது. அப்பா உட்கார்ந்து கேட்டுட்டு, ஏ பெட்ரோலோ செப்பணும். ஃபைனல்."

"செப்பறேன்," என்றார் இவர், மகளைப் போலவே. அவர் முகத்தில் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்றேன்."

டேங்க் காலியாகும்வரை ஓட்டினேன். பங்கில் அதே பெண். இந்த முறை பிரீமியம் நிரப்பச் சொன்னேன். விட்டுக்கொடுத்து அதைத்தான் நிரப்பியிருப்பேன் என்று அவரே ஊகித்துவிடுவார், பிறகு அவர் மனதுக்குச் சத்தம் கேட்காது, "பாரு, இப்ப அமைதியா ஓடுது" என்பார், அவர் ஜெயித்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையில் எனக்குச் சண்டை அலுத்திருந்தது.

மறுநாள் காலை நிவேதிதாவும் வந்து சேர, மூவரும் கிளம்பினோம். நிவேதிதா பின்சீட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். இவர் ஜன்னலை ஏற்றச் சொன்னார், ஏசியை அணைக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டார். ரயில்வே மேம்பாலத்தில் ஏறினேன்.

"இதோ," என்றார். "அதே சத்தம். அப்படியே இருக்குது. உங்கம்மா சாதாதான் ஊத்தியிருக்கா."

நிவேதிதா என் தோளைத் தட்டினாள். "அம்மா, செப்பு."

"பிரீமியமுங்க," என்றேன்.

நிவேதிதா கைதட்டப் போய் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். "போச்சாது. காதும் போயிருச்சாட்ட இருக்குது" என்றார். போச்சாது என்றால் எங்கள் பக்கத்தில் 'பரவாயில்லை, போகட்டும்' என்று பொருள். நிவேதிதாவுக்கு அந்தச் சொல் தெரியாது. "வாட் டிட் ஹி சே?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன்பிறகு அவர் காரில் ஏறவில்லை. எங்காவது போக வேண்டுமென்றால் ஆட்டோ பிடித்தார். வீட்டில் மிக்சி ஓடியது, கிரைண்டர் ஓடியது, அடுத்த அறையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே மிக்சியின் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் ஓடவிட்டேன். அது அலறிற்று. அவர் எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றுகொண்டார்.

6

அரைப்பரீட்சை விடைத்தாள் திருத்த ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயில்வே மேம்பாலத்தில் வண்டி அதிகமில்லை. பக்கத்தில் யாருமில்லை, கையை உயர்த்தவும் ஆளில்லை. பாதி மேட்டில் காலுக்குக் கீழே எங்கோ, தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் வந்தது. கிர்ர்ர்.

காலை எடுத்தேன், நின்றது. அழுத்தினேன், வந்தது. முழுதாக மிதித்தால் இல்லை. பாதி மிதித்தால் மட்டும் வந்தது. இத்தனை வாரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல, இல்லை என்று நிரூபிப்பதிலேயே நான் குறியாக இருந்ததால் எனக்குக் கேட்காமல் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சத்தம் கேக்குதுங்க."

"எதுல?"

"வண்டியில. நீங்க சொன்னதேதான். கிர்ர்ருனு. மேட்டுல, பாதி ஆக்சிலரேட்டர்ல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சமாதானத்துக்குச் சொல்கிறேனோ என்று நினைத்திருப்பார். "பாதியில மட்டுமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. முழுசா மிதிச்சா இல்லை. காலை எடுத்தா இல்லை. அதுவும் வண்டி சூடான பொறகுதான்."

பொத்தான் போடுவதை விட்டுவிட்டார். "சூடான பொறகுதானா? அதை ஏன் நீ முன்னாடியே சொல்லலை?"

"முன்னாடி எனக்குக் கேக்கலைங்களே."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறன்று எங்கள் நாச்சாரத்தின் பாக்டரிப் பகுதி மூடியிருக்கும், தெருக்கள் காலியாக இருக்கும். காலையில் அங்கே போய் மேலும் கீழுமாக ஓட்டினேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாக்கி ஆடுகிறது என்று முதலில் சொன்னார். டிக்கியைக் காலி செய்து, ஜாக்கி, கயிறு, இரண்டு குடை, நிவேதிதாவின் பழைய பேட்மின்டன் மட்டை எல்லாவற்றையும் ஒரு கேட்டோரம் இறக்கிவைத்தோம். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு ஏசி பெல்ட் என்றார். ஏசியை அணைத்தும் வந்தது. பிறகு இவர் இடம் மாறி மாறி உட்கார்ந்தார். முன்னால், பின்னால் வலது, பின்னால் இடது. பின்சீட்டில் தரையோடு தரையாகக் குனிந்து மிதியடியின் மேல் காதை வைத்தார். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி மிதி. அப்படியே புடி. விடாத... விடாத... சித்த கொற. ஆங்!" குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "புள்ள, எஞ்சின்ல இல்லை. எனக்கு நேர் கீழ இருக்குது. சைலன்சர் பைப்பு போற எடம்."

மறுநாள் சத்தார் பாயின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். எங்கள் வண்டியை அவர் பல வருஷமாகப் பார்க்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெட்ரோல் பிராப்ளமா?" என்றார்.

"நக்கோ, நக்கோ," என்றார் இவர் அவசரமாக. வேண்டாம், இல்லை என்பதற்கு இந்த ஊர் சொல் அது. "பெட்ரோல் இல்லை பாய். பெட்ரோல் செரியாத்தான் இருக்குது." சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் வண்டியின் அடியில் கையைக் காட்டினார்.

வண்டியைத் தூக்கினார்கள். சூடான சைலன்சர் பைப்பின் வெக்கை மேலே ஏறாமல் தடுக்க ஒரு மெல்லிய தகரம் வைத்திருப்பார்களாம். அதைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. சத்தார் பாய் விரலால் சுண்டினார். கிர்ர்ர் என்றது.

"ஹவ் சார், யெஹீச் ஹை," என்றார். ஆமாம், இதுவேதான். "இதுக்குக் கைக்கு டென்ஷன்?"

'கைக்கு' என்றால் 'எதற்கு'. டென்ஷன் எதற்கு என்று அவரிடம் விளக்குவது எளிதாக இல்லை. புது போல்ட் போட்டு இறுக்க டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

7

ஆர்.டி.ஓ. ஆபீசில் வழக்கமான வரிசைகள். ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டர் என்றார்கள், அங்கே முதல் கவுண்டர் என்றார்கள். வண்டியின் அடிச்சட்ட எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்தார்கள். அதில் ஓர் எழுத்து சரியாக விழவில்லையென்று மறுபடி தேய்த்தார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தபின், ஆய்வாளர் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"டிரைவிங் எவரண்டி?" யார் ஓட்டுகிறீர்கள்?

வண்டி இவர் பெயரில் இருக்கிறது. காகிதமெல்லாம் இவர் கையில் இருந்தது. பழக்கத்தில் இவர் ஓரடி முன்னால் வைத்துவிட்டார். சாவிக்காகக் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பை காலி.

"மேடம்," என்று என்னைக் காட்டினார். பிறகு ஆய்வாளரிடம், தனக்குத் தெரிந்த தெலுங்கில், "மேடம் பாக ஓட்டும்" என்றார். 'பாக' என்றால் நன்றாக. 'ஓட்டும்' தெலுங்கில்லை. ஆய்வாளருக்குப் புரிந்துவிட்டது. ஓட்டினேன். மேடில்லாத மைதானம்தான், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

பதிவை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வெளியே வரும் வழியில் லைசென்ஸ் கவுண்டர் இருக்கிறது. அங்கே இவர் நின்றார். அவருடைய லைசென்ஸும் சீக்கிரம் முடிகிறது. மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. கவுண்டருக்குப் பக்கத்திலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் வந்து நின்றான். கண்ணைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிற டாக்டர் இருக்கிறாராம்.

இதற்குப் பதில் அவர் சொல்ல வேண்டியது.

"வேண்டாமப்பா," என்றார் அவனிடம். கொஞ்ச தூரம் நடந்தபின் என்னிடம், "வண்டிக்கு அஞ்சு வருசம் குடுத்துட்டாங்க. போதும் புள்ள" என்றார். பிறகு நிவேதிதாவுக்குப் போன் போடு என்றார்.

அவள் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். சாப்பிட அங்கேயே வரச் சொன்னாள். மேசையில் எங்களுக்காகச் சோறும் சாம்பாரும் வரவழைத்து வைத்திருந்தாள். "அந்தச் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, செப்பு அப்பா" என்று கேட்டாள். அவர் ஜாக்கியிலிருந்து ஆரம்பித்தார். வாட்ச்மேன் பார்த்தது வரைக்கும் நடித்துக் காட்டினார். நடுவில் அவளுக்குப் புரியாத சொல் வந்தால் நிறுத்தி, இங்கிலீஷில் தேடி, கிடைக்காமல் கையால் செய்து காட்டினார். அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பிற்பகல் வெயில். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். பேகம்பேட் தாண்டி ஒரு சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கிப்போயிருந்தார்.

இவர் ஓடுகிற வண்டியில் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. ஊருக்குப் போகும் பஸ்ஸில்கூட டிரைவர் கியர் மாற்றுவதைக் கேட்டுக்கொண்டு விழித்தே வருவார். இப்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. கால்கள் தளர்ந்து கிடந்தன.

பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். ஹாரன் அடிக்கவில்லை. நாச்சாரம் வந்து, எங்கள் குடியிருப்புக்குள் நுழைந்து, எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சாவியில் கை வைத்தேன். எஞ்சின் நின்றால் அந்த அமைதியில் விழித்துவிடுவார் என்று தோன்றியது.

பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. குடியிருப்பின் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.